பெட்டி பதினொன்று

ரொறன்ரோ. நிலவறை.
பதினாறு பாகை என்கிறது சுவர்க் கருவி.
தாள்களுக்கு அது சுகம். எனக்கு
ஸ்வெற்றருக்கு மேல் இன்னொரு ஸ்வெற்றர்.
ஒரு தாளை ஸ்கான் செய்தால் ஒன்பது சதம்.
இன்று பெட்டி பதினொன்று:
ஒரு பல்கலைக்கழகம் தன்னைத்தானே
தைத்துக்கொண்ட வருடங்கள்.

முதலில் ஓர் அரசன் பட்டயம் கொடுத்தான்.
அவனுடைய சபைக்காரர் கையில் சாவி.
பிறகு சட்டமன்றம் சபையை வெளியே எடுத்தது,
மீனில் முள் எடுப்பதுபோல.
கோபித்துக்கொண்ட சபை, தெருவின் மறுகோடியில்
தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டது.
மெதடிஸ்தர்களிடம் ஏற்கெனவே ஒன்று, ஏரிக்கரை ஊரில்.
கத்தோலிக்கரிடமும் ஒன்று.
ஒவ்வொன்றிலும் ஓர் இலச்சினை, ஒரு மணி,
மழைக்கு ஒழுகும் ஒரு கூரை.

ஆய்வுகூடம் என்றொரு புதுச் செலவு வந்தபோதுதான்
எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தார்கள்.
ஜேர்மனியிலிருந்து கண்ணாடிக் குழாய் இறக்க
எந்த மதத்தின் உண்டியலிலும் காசில்லை.

பிரித்திருக்கிறார்கள், பாருங்கள்:
கிரேக்கம், லத்தீன், ஒழுக்கவியல் கல்லூரிகளுக்கு.
இரசாயனம், பௌதிகம், கணிதம் பல்கலைக்கழகத்துக்கு.
பிரெஞ்சும் ஜேர்மனும் அந்தப் பக்கம்,
இத்தாலியமும் ஸ்பானியமும் இந்தப் பக்கம்.
ஏனென்று இந்தப் பெட்டியில் இல்லை.

எனக்குப் பழகிய பாஷை இது.
அப்பாவின் காணி உறுதியில் நொத்தாரிசு எழுதியதும் இப்படித்தான்:
நிலம் நாலு துண்டு;
கிணற்றிலும் துலாவிலும் வழிவாய்க்காலிலும்
நால்வருக்கும் பங்குண்டு.
இங்கே ஆய்வுகூடம்தான் கிணறு.

மொய்ரா மேலிருந்து கேட்கிறாள்,
தேடுசொல் என்ன போடுகிறாய் என்று.
ஃபெடரேஷன் என்கிறேன்.
வாய்க்குள் வந்தது வேறு: சமஷ்டி.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லோடு
தெருவில் உட்கார்ந்தவர்கள் அடிவாங்கினார்கள்.
பிறகும் அதையே சொன்னவர்களைப் பார்த்து
எங்கள் பெடியளே சிரித்தார்கள்.
இங்கே அது ஒரு செவ்வாய்க்கிழமை,
நாற்பத்தாறாம் பக்கத்தில்,
தேநீருக்கு முன்பே நிறைவேறியிருக்கிறது.

இவர்களும் உடனே நம்பிவிடவில்லை.
பட்டம் கொடுக்கும் உரிமையை யாரும் கைவிடவில்லை,
உறங்கப் போட்டார்கள்.
சட்டத்தின் சொல்லுக்கு எனக்குக் கிடைத்த தமிழ் அதுதான்.
இறையியல் பட்டம் மட்டும் விழித்திருக்கும்,
மற்றவை போர்வைக்குள்.
பிடிக்காவிட்டால் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு
வெளியே போகலாம்.
போகலாம் என்று எழுதிவைத்ததாலோ என்னவோ
போகாமல் இருந்துவிட்டார்கள்.

குறிப்பெடுத்தவர் பிரிங்கிள் என்றொரு செயலாளர்.
யாராவது எழுந்துபோகும் இடத்திலெல்லாம்
ஓரத்தில் ஒரு சிறு கோடு.
திரும்பி வந்தால் அதன்மேல் குறுக்கே இன்னொன்று.
எண்ணினேன். முப்பத்தொன்று.
இரண்டுக்குக் குறுக்குக் கோடு இல்லை.

நூலகம் எரிந்த இரவின் கோப்பை
முகம் திருப்பிக்கொண்டே ஸ்கான் செய்தேன்.

போன கிழமை நிருஜாவின் விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்துக.
"வித்தியாசம் என்னம்மா?"
அறுபது வருடச் சண்டை என்று நான் வாயெடுப்பதற்குள்
சுரங்கரயிலுக்குக் கிட்ட இருப்பதை
முதலாவதாகப் போட்டுவிட்டாள்.
வகுப்பெல்லாம் ஒன்றுதானாம்.
சாப்பாடுதான் வேறாம்.

பெட்டியின் அடியில் இரண்டு வரைபடங்கள்.
ஒன்றில், கட்டடங்களுக்கு நடுவே நீலமாய் ஓர் ஓடை.
மற்றதில் அது புள்ளிக்கோடு:
குழாய்க்குள் போட்டு மூடியாயிற்று.
அந்த நீரை முதலில் பெயர் சொல்லி அழைத்தவர்களுக்கு
மேசையில் நாற்காலி இருக்கவில்லை.
எழுந்துபோக இடமில்லாதவர்களுக்குப்
பிரிங்கிளிடம் கோடும் இல்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.
மூலையில் பம்பு தானாகவே உறுமத் தொடங்கியது.
மொய்ரா படியில் நின்று எட்டிப் பார்த்தாள்:
"ஓடைதான். கூட்டத்துக்கு வருகிறது."
கீழ்த்தட்டுப் பெட்டிகளை
இருவருமாய்த் தூக்கி மேலே வைத்தோம்.